வண்டல் அப்பளம்

மார்ச் 9, ஞாயிறு

மகள் தாரணியைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஏழாம் மாதக் கட்டுச்சோறு நல்லபடியாக முடிந்தது. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் சமையல்காரர் பொறுப்பு. வளையல் அடுக்கியது சொந்தக்காரப் பெண்கள். என் பங்கு, வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிற பையனுக்கு வழி சொன்னது மட்டும். ரிட்டயர் ஆன பஸ் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருவதைப் போல ஒரு தண்டனை கிடையாது. பிரேக் இல்லாத இடத்தில் காலை அழுத்திக்கொண்டே வந்தேன்.

கிளம்பும்போது சம்மந்தியம்மா எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார். "பொம்பளை இல்லாத ஊடு. புள்ளைய யாருங்க பாத்துக்குவாங்க?"

ராஜாமணி போய் நாலு வருஷமாகிறது. அதைப் பந்தியில் வைத்து ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. மாப்பிள்ளை சசிகுமார் பாவம், இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"முப்பது வருசம் பஸ்ஸு நெறைய ஆளுகளை ஏத்திக்கிட்டுப் போயி ஒரு கீறல் இல்லாம எறக்கி உட்டிருக்கறனுங்க. எம்புள்ளையப் பாத்துக்க மாட்டனுங்களா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சம்மந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன். தாரணி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் அம்மாவாக இருந்தால் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

மார்ச் 13, வியாழன்

கிராம நர்ஸ் கலைமதி வந்து விரலில் ஊசி குத்திப் பார்த்தார். தாரணிக்கு ரத்தம் குறைவு. எட்டரைதான் இருக்கிறதாம், குறைந்தது பதினொன்று வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டு, தினமும் கீரை கொடுங்கள் என்றார்.

கீரைக்கு நான் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் இறங்கினால் ஆறு. நடுவில் என் பாத்திகள். அரைக்கீரை, சிறுகீரை, பாலக், ஓரத்தில் முருங்கை. பென்ஷன் வாங்குகிறவர்கள் எல்லாம் டீக்கடையில் அரசியல் பேசிக்கொண்டிருக்க, நான் மண்வெட்டி பிடித்தவன். உரக்கடைக்காரன் முகத்தில் விழித்ததே இல்லை. தடுப்பணையில் தண்ணீர் வற்றும்போது அடியில் படிகிற வண்டலைச் சாக்கில் அள்ளி வந்து பாத்தியில் பரப்புவேன். ஊரில் பலரும் செய்கிறதுதான். என் அளவுக்கு யாரும் மெனக்கெடுவதில்லை. கலைமதியே நின்று பார்த்து, இலை என்ன இப்படிப் பளபளக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு கட்டு கொடுத்தனுப்பினேன்.

மார்ச் 17, திங்கள்

கடுக்காய்ப் பொடி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். இந்த வருஷம் வயிறு சரியாகவே இல்லை. அவ்வப்போது முறுக்கிப் பிழிகிறது. வயதானால் எஞ்சினும் இப்படித்தான்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் தாரணி வாந்தி எடுக்கிறாள். அரைக்கீரைக் கடைசலை மட்டும் வழித்துச் சாப்பிடுகிறாள். சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 21, வெள்ளி

மத்தியானம் சின்னதாக ஒரு தூறல். வாசனை கிளம்பியதும் தாரணி பின்வாசலில் போய் நின்றாள். வெகு நேரமாகியும் வரவில்லையே என்று எட்டிப் பார்த்தால், உடைந்த பானையோட்டை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் பின்னால் மறைத்தாள். ஆறாம் வகுப்பில் ஐஸ் வாங்கித் தின்றுவிட்டு நின்ற அதே முகம்.

"சிரிக்காதீங்கப்பா. மண்ணு திங்கோணும்போலயே இருக்குதுங்க. ராத்திரி பகலா அதே நெனப்பு."

நான் சிரிக்கத்தான் செய்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு மண் ஆசை வருவது உலகத்தில் புதுசா? இவளைச் சுமந்தபோது ராஜாமணி அடுப்புச் சாம்பலை அள்ளி மடியில் கட்டிக்கொள்வாள். அவள் அம்மா பார்த்துவிட்டுக் கையிலேயே ஒன்று வைத்தார். இவளை அடிக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வரும் என்பார்கள். பானையோடு வேண்டாம், பல் போய்விடும், நல்ல மண்ணாக நான் கொண்டுவருகிறேன் என்றேன்.

அப்போது அவள் சிரித்த சிரிப்பை எழுதி வைக்கத் தோன்றியது. கல்யாணமாகிப் போனபிறகு என்னிடம் அவள் எதுவும் கேட்டதில்லை.

மார்ச் 22, சனி

காலையிலேயே தடுப்பணைக்குப் போனேன். வெயிலில் வண்டல் காய்ந்து, வெடித்து, ஓரங்கள் மேலே சுருண்டு தகடு தகடாகக் கிடக்கிறது. கையில் எடுத்தால் அப்பளம்தான். கல், மணல் ஒட்டாத மேல்தகடாகப் பார்த்துப் பொறுக்கினேன். அணைக்குச் சற்று மேலே இரண்டு வருஷத்துக்கு முன் வந்த பேட்டரி ஷெட்டில் ஆட்கள் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய பஸ், லாரி பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கி எடுக்கிறார்கள். கழுவுகிற நேரத்தில் தண்ணீர் கொஞ்சம் கறுத்து வரும், அப்புறம் தெளிந்துவிடும். ஓனர் நல்ல மனிதர், மாரியம்மன் நோம்பிக்குப் பந்தல் செலவு அவருடையது. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார், நானும் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்து தோசைக்கல்லில் போட்டு வாட்டினேன். பூச்சி, கிருமி எது இருந்தாலும் சூட்டில் போய்விடும். மணல் நறநறக்கிறதா என்று நானே ஒரு துண்டு கடித்துப் பார்த்தேன். வெண்ணெயாகக் கரைகிறது. கடைசியில் லேசாக ஒரு தித்திப்பு.

எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வேண்டாம், மண்ணைப் போட்டுப் பிள்ளை வளர்க்கிறான் என்பார்கள் என்றேன். தாரணி வாயில் துண்டோடு தலையாட்டினாள்.

மார்ச் 30, ஞாயிறு

பக்கத்து வீட்டு மருமகள் பவித்ராவுக்கும் நாலாம் மாதம். சாயங்காலம் ஆனால் இங்கே வந்துவிடுகிறது. இரண்டும் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிச் சிரிப்பதும், நான் போனால் நிறுத்துவதுமாக இருக்கின்றன. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது.

வண்டல் இன்னொரு டப்பா வாட்டி வைத்தேன். ருசி பார்த்துத்தான் வைத்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

டவுன் ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டர் அமுதவல்லி சின்ன வயது, ஆனால் நிதானமாகக் கேட்கிறார். மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை. எட்டுக்கு வந்திருக்கிறது. சம்மந்தியம்மாவும் நேராக அங்கேயே வந்திருந்தார்.

மண், சாம்பல், பல்பம் இப்படி ஏதாவது சாப்பிடுகிறாயா என்று டாக்டர் கேட்டார். தாரணி என்னைப் பார்த்தாள். சம்மந்தியம்மாவும் என்னைப் பார்த்தார்.

"அதெல்லாம் இல்லீங்க டாக்டர். ஊட்டுச் சாப்பாடுதானுங்க," என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். எல்லோரையும் கேட்கிற கேள்விதான் அது, எங்களுக்கென்று கேட்டதில்லை. இரும்புச்சத்து ஊசி போட்டார்கள். திரும்பும்போது சம்மந்தியம்மாவுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைக் கனி. மாப்பிள்ளை மாம்பழக் கூடையோடு வந்தார். கோயமுத்தூரில் மில்லில் சூப்பர்வைசர் வேலை, லீவு கிடைப்பதே பெரிய விஷயம். தாரணியைப் பார்த்துவிட்டு, என்னங்க மாமா, ரொம்ப வெளுத்துப்போயிட்டா என்றார். வெயில் காலத்தில் எல்லோருமே அப்படித்தான் என்றேன். அவர் வருகிறார் என்று டப்பாவை அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

அவருக்குக் காபி ஆற்றும்போது டம்ளர் கை நழுவி விழுந்தது. மணிக்கட்டு சொன்னபடி கேட்பதில்லை. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை.

ஏப்ரல் 24, வியாழன்

ஊசி போட்டும் ஏழரை. தலைவலி என்கிறாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். கலைமதி இரண்டாவது முறையாக வந்து பார்த்துவிட்டு, சாப்பாடு நன்றாகத்தானே போகிறது, இது என்ன கணக்கு என்று குழம்பினார். கீரையைக் கூட்டச் சொன்னார். காலையில் முருங்கைக்கீரை அடை, மதியம் அரைக்கீரைக் கடைசல், சாயங்காலம் பாலக் சூப். இதற்கு மேல் கூட்ட வேண்டுமென்றால் கழுதைக்குப் போடுகிற மாதிரி கட்டோடு போட வேண்டியதுதான் என்று தாரணியைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"டப்பா காலிங்கப்பா," என்றாள்.

ரத்தம் குறையக் குறைய மண் ஆசை கூடுமாம், எங்கேயோ கேட்டது. கொண்டுவந்து கொடுத்தேன். கொடுக்கும்போது ராஜாமணி படத்துப் பக்கம் பார்க்கவில்லை. அவள் இருந்திருந்தால் டப்பாவைத் தூக்கி ஆற்றில் எறிந்திருப்பாள். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. பிள்ளை கேட்டால் இல்லையென்று சொல்ல நான் பழகவே இல்லை.

மே 5, திங்கள்

டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். தாரணியின் ரத்தத்தைக் கண்ணாடித்துண்டில் தடவிப் பார்த்தார்களாம். சிவப்பணுக்களில் நீலநீலமாகப் புள்ளிகள். வேறொரு பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். என்னவென்று கேட்டதற்கு, வரட்டும், வந்ததும் சொல்கிறேன் என்றார்.

முருங்கையில் கம்பளிப்பூச்சி. தீப்பந்தம் காட்ட வேண்டும்.

மே 12, திங்கள்

ஈயம்.

டாக்டர் மேஜைமேல் காகிதத்தை விரித்துக் காட்டினார். ஐந்துக்குள் இருக்க வேண்டியது நாற்பத்துநாலு இருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு ரத்தம் ஏறாததற்கு அதுதான் காரணம், ஈயம் உள்ளே இருக்கிறவரை என்ன கொடுத்தாலும் ரத்தம் ஊறாது என்றார். அதோடு நிற்காதாம். தாயின் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், அங்கிருந்து பிள்ளைக்கும் இறங்கும், பிள்ளையின் மூளையைத் தொடும். எப்படி உள்ளே போயிற்று என்று கண்டுபிடித்து நிறுத்துவதுதான் முதல் வைத்தியம் என்றார். பழைய பெயிண்டு, ஈயம் பூசிய பாத்திரம், பேட்டரி வேலை, கெட்டுப்போன தண்ணீர், மண் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

மண் என்றபோது தாரணி குனிந்து வளையலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். யோசித்துச் சொல்கிறோம் டாக்டர் என்றேன்.

பஸ்ஸில் வரும்போது ஷெட் வாசலில் ஒரு லாரி பழைய பேட்டரி இறக்கிக்கொண்டிருந்தது. வானம் மூட்டமாக இருந்தது. மழை வரும்போல.

வீட்டுக்கு வந்ததும் எவர்சில்வர் டப்பாவை அட்டாலியில் ஏற்றி வைத்தேன். அலமாரியில் இடம் தேவைப்பட்டது.

மே 13, செவ்வாய்

தாரணி அலமாரியில் தேடினாள். மண் எங்கேயப்பா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மத்தியானம் கீரை இல்லாமல் கத்தரிக்காய்ப் பொரியல். கீரை எங்கே என்றும் கேட்கவில்லை.

மே 18, ஞாயிறு

பாத்திகளுக்குத் தண்ணீர் விடவில்லை.

மே 21, புதன்

பெண் குழந்தை. நாலு வாரம் முன்னதாகவே வந்துவிட்டது. நேற்றுக் காலை வலி எடுத்து, ஆம்புலன்ஸில் போய்ச் சேருவதற்குள் தாரணிக்கு நாக்கு வறண்டுவிட்டது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மாப்பிள்ளை ஒரு பாட்டில் கொடுத்தார். நானும் கையை நீட்டினேன், வயது தாண்டிவிட்டது, போங்க என்றார்கள்.

இரண்டு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ராஜாமணியின் மூக்கு.

மே 23, வெள்ளி

குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தாயின் ரத்தத்தில் ஈயம் இந்த அளவு இருந்தால் பாலிலும் போகும், அளவு இறங்கும்வரை பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட வேண்டும்.

தாரணி நர்ஸ் கொடுத்த கிண்ணத்தில் பீய்ச்சி, வராண்டா ஓரத் தொட்டியில் ஊற்றிவிட்டு வருகிறாள். பெட்டிக்குள் குழந்தை அழுகிறது. சம்மந்தியம்மா பவுடர் பாலைப் பாலாடையில் எடுத்துப் புகட்டுகிறார். நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதை எழுதக் கை வரவில்லை. மணிக்கட்டைச் சொல்லவில்லை.

மே 26, திங்கள்

குழந்தையின் ரத்தத்திலும் இருக்கிறது. முப்பத்தெட்டு.

டாக்டர் எல்லோரையும் உட்கார வைத்தார். எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் விடமுடியாது, இனியும் மறைக்காதே தாரணி, யாரும் உன்னைத் திட்டமாட்டார்கள் என்றார். சம்மந்தியம்மா, மாப்பிள்ளை, நான் எல்லோரும் இருந்தோம். தாரணி என்னைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எங்கப்பா ஊட்டு ஜன்னல்ல பழைய பெயிண்டு உரிஞ்சு கெடக்குதுங்க. அதைச் சொரண்டிச் சொரண்டித் தின்னுட்டனுங்க. அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

சம்மந்தியம்மா நெற்றியில் அறைந்துகொண்டார். படித்த புள்ளை செய்யற வேலையா இது என்று ஆரம்பித்து, குழந்தையைத் தின்றுவிட்டாயே என்றுவரை போய்விட்டார். மாப்பிள்ளை எழுந்து வெளியே போனார். தாரணி அழவில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். சம்மந்தியம்மா திரும்பி என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

மே 28, புதன்

சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்து ஜன்னல் பெயிண்டைச் சுரண்டிப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்கள். காபி போட்டுக் கொடுத்தேன். அதில் ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்த்து, ஆறு தெரிகிறதே, காற்றுக்குப் பஞ்சமில்லை உங்களுக்கு என்றார். ஆமாம் என்றேன்.

ஜூன் 1, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஜன்னல் சோதனை முடிவு தெரியும்வரை குழந்தை இந்த வீட்டுக்கு வரவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. தொட்டில் வாங்கி வைத்திருந்தேன். உத்தரத்தில் கொக்கியும் மாட்டியிருந்தேன்.

கார் கிளம்புவதற்கு முன் தாரணி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "டப்பாவைத் தூக்கி எறிஞ்சுருங்கப்பா. நான் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். நீங்க அங்க வந்து போயி இருக்கோணுமில்ல," என்றாள். எனக்கு அந்த வீட்டு வாசல்படி மிச்சம் இருக்க வேண்டுமென்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். சரி சாமி என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

ஜூன் 4, புதன்

கஞ்சி. மதியமும் கஞ்சி.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் பவித்ரா வந்தது. ஆறு மாதத்து வயிறு, அதற்கேற்ற சதை முகத்தில் இல்லை. உதடு சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது. குழந்தையைப் பற்றி விசாரித்தது. பிறகும் போகாமல் கதவு நிலையைத் தடவிக்கொண்டே நின்றது.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. தாரணியக்கா எனக்கும் கொஞ்சம் குடுப்பாங்க. அந்த வண்டல் அப்பளம் மிச்சம் இருக்குதுங்களா?"

அதற்கு அப்படியொரு பெயர் வைத்திருக்கிறார்கள். சாயங்காலச் சிரிப்பெல்லாம் அதுதானா.

நீ ஜன்னல் சங்கதியைக் கேள்விப்படவில்லையா என்றேன். கேள்விப்பட்டேன், அதுதான் பெயிண்டு என்று சொன்னார்களே, மண்ணில் என்ன இருக்கிறது, நம் ஆற்று மண்தானே என்றது. டப்பா கிடைக்கவில்லை என்று நேற்று இந்தப் பெண்ணே தடுப்பணைக்கு இறங்கிப் பார்த்திருக்கிறது. மழைத் தண்ணீர் வந்து வண்டல் நனைந்துவிட்டதாம். அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறது.

தாரணி என்னைக் காப்பாற்றச் சொன்ன ஒரு பொய், இந்தப் பெண்ணுக்கு ஆற்று மண்ணைச் சுத்தமாக்கிக் கொடுத்துவிட்டது. அந்தப் பொய்யைப் பதின்மூன்று நாளாகச் சோறு போட்டு வளர்த்தவன் நான்.

"அம்மிணி, அந்த மண்ணுலதான் விசமிருக்குது. தாரணிக்குக் குடுத்தது நான்," என்றேன்.

பவித்ரா வயிற்றில் கை வைத்துக்கொண்டது.

ஜூன் 9, திங்கள்

அட்டாலியிலிருந்து டப்பாவை இறக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பவித்ராவையும் அதன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் நின்றேன். டாக்டர் மேஜைமேல் டப்பாவைத் திறந்து வைத்தேன். தடுப்பணையில் பொறுக்கியது, நான் வாட்டிக் கொடுத்தது, ஏப்ரல் மாதம் நீங்கள் கேட்டபோது இல்லையென்றது நான்தான், ஜன்னலை அவள் தொட்டதே இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாத்தியில் போட்ட வண்டலையும், அதில் விளைந்த கீரையையும், மேலே இருக்கிற ஷெட்டையும் சொன்னேன்.

டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். ஏப்ரலிலேயே சொல்லியிருந்தால் பிரசவத்துக்கு முன்னால் ஏழு வாரம் கிடைத்திருக்குமே என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

பவித்ராவுக்கு ரத்தம் எடுத்தார்கள். பிறகு டாக்டர் என்னைக் கையை முன்னால் நீட்டச் சொன்னார். நீட்டினேன். மணிக்கட்டு இரண்டும் மடங்கித் தொங்கின. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். கண்ணாடியைக் கையில் கொடுத்து, ஈறு ஓரத்தைப் பாருங்கள் என்றார். பல் முளைக்கிற இடத்தில் கருநீலமாக ஒரு கோடு, பேனாவில் இழுத்த மாதிரி.

"நீங்களும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"மணல் இருக்குதான்னு ருசி பாப்பனுங்க," என்றேன்.

எனக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். உள்ளே போகவில்லை, வாசலில் நின்றே சொன்னேன். சம்மந்தியம்மா கையில் பாலாடையோடு நின்றிருந்தார். மாப்பிள்ளை நான் சொல்லி முடிக்கிறவரை கேட்டார். பிறகு தாரணி பக்கம் திரும்பி, ஏன் என்கிட்ட சொல்லல என்றார்.

உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்துவிட்டேன். தாரணி கேட் வரைக்கும் வந்தாள்.

"டாக்டர் உங்க கையையும் பாத்தாங்களாங்கப்பா? நீங்க கடிச்சுக் கடிச்சுப் பாத்தது எனக்குத் தெரியுமுங்க. அதைச் சொன்னா நீங்க குடுத்ததும் தெரிஞ்சுபோயிருமேன்னுதான் வாய மூடிக்கிட்டேன்," என்றாள்.

இப்போதுதான் அழுதாள்.

ஜூன் 20, வெள்ளி

தடுப்பணையிலும் என் பாத்தியிலும் மண் எடுத்துப் போனார்கள், முடிவு வந்துவிட்டது. இரண்டிலும் ஈயம். ஷெட்டில் பூட்டுத் தொங்குகிறது. எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. ஓனர் எதிரில் வந்தார், கையைத் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. கலைமதி ஆற்றோரத் தெருக்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார். மாத்திரை தின்றும் ரத்தம் ஏறாத பெண்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்களாம். பவித்ராவின் ரத்தத்தில் ஈயம் பதினெட்டு. சீக்கிரம் நிறுத்திவிட்டதால் பயப்பட வேண்டாம் என்றிருக்கிறார்கள்.

கீரையை எல்லாம் வேரோடு பிடுங்கினேன். மாட்டுக்குப் போடக் கூடாது, எரிக்கக் கூடாது, ஆற்றில் விடக் கூடாது. மேல்மண்ணையும் வழித்துச் சாக்கில் கட்டச் சொன்னார்கள். எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று கேட்டதற்கு, சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். சாக்குகள் பின்வாசலில் வரிசையாக நிற்கின்றன.

ஜூன் 27, வெள்ளி

இன்று எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நாளில் ஆஸ்பத்திரி. தாரணிக்குக் குறைந்துகொண்டு வருகிறது. பால் கொடுக்கலாமா என்று அடுத்த முறை சொல்வார்கள். எனக்கு மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள், கை நிமிரும் என்கிறார்கள். குழந்தையைப் பற்றிக் கேட்டேன். எடை ஏறுகிறது, கண் பார்க்கிறது, சத்தத்துக்குத் திரும்புகிறது. மற்றதெல்லாம் நடக்கும்போது, பேசும்போது, பள்ளிக்கூடம் போகும்போதுதான் தெரியும் என்றார் டாக்டர்.

வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தாரணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வரும்போதே சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியிருந்தேன், ஆனாலும் நகக்கண்ணில் கறுப்பு இருக்கிற மாதிரியே தோன்றியது.

"புடிக்க வேண்டாமுங்கப்பா. மடியில வெச்சுக்குங்க," என்று துணியோடு மடியில் கிடத்தினாள்.

சம்மந்தியம்மா எதிர் பெஞ்சில் இருந்தார். தடுக்கவில்லை. எழுந்து வந்து, தலை நிற்காத பிள்ளை என்று சொல்லி, என் முழங்கைக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

குழந்தை முழித்துக்கொண்டுதான் இருந்தது. விரல், காது, உள்ளங்கால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முப்பது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் இறக்கிவிட்டேன் என்று இதே சம்மந்தியம்மாவிடம் பந்தியில் சொன்னவன் நான்தான். குழந்தையின்மேல் எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.